வேன் கூரையில் சோலார் போடப் போகிறீர்களா? பேனலுக்கு முன்னால் ஒயரைப் பாருங்கள்

தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடி கிளம்பும்போது நடக்கிற கூட்டத்துக்குப் பின்னால் சாமான் வண்டியும் போகும். அரிசி, பருப்பு, தண்ணீர் கேன், மருந்துப் பெட்டி, சர்க்கரைக்காரர்களின் இன்சுலின், இருட்டியதும் சார்ஜ் போடச் சொல்லி வரிசையாகக் கைக்கு வரும் செல்போன்கள் எல்லாம் அதில்தான். மற்ற மாதங்களில் நகரத்தார் ஒன்பது கோயிலும் பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கும் வண்டி வேண்டும். இதற்காகத்தான் பழைய ஃபோர்ஸ் டிராவலர் ஒன்றை எடுத்து, படுக்கை, சின்ன அடுப்படி, 12 வோல்ட் ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து, கூரையில் சோலார் போட்டோம். மின்வேலை முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைத்து 1,30,000 ரூபாய் கொடுத்தோம். அதில் 62,000 ரூபாய்க்கான வேலை இப்போது வண்டியில் இல்லை. பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்ய இன்னும் 1,40,000 ஆனது. பணம் போனதைவிட, உள்ளே பெரியவர்கள் படுத்துத் தூங்கும் வண்டியில் பேட்டரி முனை தீய்ந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. காரைக்குடி வட்டாரத்தில் வீட்டுக்குச் சோலார் போடுகிறவர்கள் நிறைய. வண்டிக்குப் போட்டு அனுபவப்பட்டவர் ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாமல் ஒவ்வொன்றாக அளந்து பார்த்துக் கண்டதை எழுதுகிறேன்.

முதலில் வந்தது வாடைதான். மிக்சி போட்டால் கொஞ்ச நேரத்தில் ரப்பர் தீய்கிற மாதிரி ஒரு நெடி. மிக்சி மோட்டார்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். படுக்கைக்கடியில் பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் பாசிட்டிவ் முனையில் லக் (ஒயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோகக் காது) நீலமும் கறுப்புமாக நிறம் மாறியிருந்தது. அதை ஒட்டி மூன்று விரல் அகலத்துக்கு ஒயரின் சிவப்புத் தோல் கொப்புளித்து நின்றது. போல்ட்டைக் கழற்றியபோது காரணம் கையிலேயே வந்தது: பேட்டரி முனைக்கும் லக்குக்கும் நடுவில் இரண்டு வாஷர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர் செம்பைப் போல மின்சாரத்தைக் கடத்தாது, முனையோடு முழுப்பரப்பும் ஒட்டாது. லக் முனையின் மேல் நேராக உட்கார வேண்டும். அதற்கு மேலேதான் பிளெயின் வாஷர், அதற்கு மேல் ஸ்பிரிங் வாஷர், கடைசியில் நட். இந்த வரிசை மாறினால் பேனல், பேட்டரி எல்லாம் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் வண்டி பற்றும்.

கணக்கு போட்டால் பயம் புரியும். மிக்சி ஓடும்போது பேட்டரியிலிருந்து 60 ஆம்பியர் போகிறது. அந்த இணைப்பில் மட்டும் 0.45 வோல்ட் இழப்பு இருந்தது. 60-ஐ 0.45-ஆல் பெருக்கினால் 27 வாட். கடையில் விற்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைப் பற்றவைத்துப் பேட்டரி மேல் சாய்த்து வைத்திருந்ததற்குச் சமம் இது. இதை யாரும் வீட்டிலேயே அளக்கலாம். சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். மில்லிவோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு முள்ளைப் பேட்டரி முனை உலோகத்திலும் இன்னொன்றை லக்கின் குழாய் பாகத்திலும் வைத்துக்கொண்டு, பெரிய லோடு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். 10, 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல இணைப்பு. நூறைத் தாண்டினால் அன்றைக்கே கழற்றுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும், ஃபியூஸின் இரண்டு முனையிலும், மெயின் சுவிட்சுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே சோதனைதான். புது வேலையை யாரிடம் கொடுத்தாலும், பணம் கொடுக்கும் முன் கூடவே நின்று இதை அளக்கச் சொல்லுங்கள்.

“பன்னிரண்டு வோல்ட்தானே அண்ணே, கையை வச்சாலும் ஷாக் அடிக்காது” என்றுதான் வேலை செய்தவர் சொன்னார். ஷாக் அடிக்காது என்பது உண்மை. தீப்பிடிக்கும் என்பதும் உண்மை. 230 வோல்ட்டில் 600 வாட் மிக்சிக்கு 3 ஆம்பியரைக்கூடத் தொடாது, 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் தாராளம். அதே 600 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக எடுத்தால் 50, 60 ஆம்பியர் ஆகிறது. வீட்டு வயரிங்கில் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் அந்தக் கண்ணோடு வண்டிக்குள் ஒயர் எடுத்தால் தப்பாகத்தான் எடுப்பார். வோல்ட்டைப் பார்க்காமல் ஆம்பியரைப் பார்த்து ஒயர் எடுக்க வேண்டும்.

அதற்கு ஒரே கணக்குதான். ஒயர் போகிற நீளத்தையும் திரும்பி வருகிற நீளத்தையும் கூட்டி மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆம்பியரால் பெருக்கி, 0.0175-ஆல் பெருக்கி, ஒயரின் ஸ்கொயர் எம்.எம். அளவால் வகுத்தால் எத்தனை வோல்ட் வழியிலேயே தொலையும் என்று வரும். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் வண்டிக்குள் ஒயரே சூடாகக் கிடக்கும், அதனால் 0.02 என்று போட்டுக்கொள்வது நல்லது. 12 வோல்ட்டில் 3 சதவீதம், அதாவது 0.36 வோல்ட்டுக்குள் இருக்கும்படி ஒயர் எடுங்கள்.

ஃபிரிட்ஜில் நடந்ததைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். பேட்டரியில் 12.2 வோல்ட் காட்டும். ஆனால் விடியற்காலையில் ஃபிரிட்ஜ் நின்றிருக்கும். உள்ளே இருப்பது இன்சுலின், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. ஃபிரிட்ஜ் கம்பெனிக்குப் போன் செய்தால் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். கோளாறு பேட்டரியிலும் இல்லை, ஃபிரிட்ஜிலும் இல்லை. பேட்டரியிலிருந்து 7 மீட்டர் தள்ளிப் பின்பக்கம் இருந்த ஃபிரிட்ஜுக்கு 1 ஸ்கொயர் ஒயர் இழுத்திருந்தார்கள். போக வர 14 மீட்டர். கம்ப்ரசர் ஓடும்போது 5 ஆம்பியர். 14-ஐ 5-ஆல் பெருக்கி 0.0175-ஆல் பெருக்கினால் 1.2 வோல்ட் இழப்பு. கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஆம்பியர் இரட்டிப்பாகும், இழப்பும் இரண்டு வோல்ட்டைத் தாண்டும். ஃபிரிட்ஜின் கண்ணுக்குப் பேட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்கியதாகத் தெரியும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். 6 ஸ்கொயர் ஒயராக மாற்றியதும் இழப்பு 0.2 வோல்ட். அதற்குப் பிறகு ஃபிரிட்ஜ் ஒரு ராத்திரிகூட நின்றதில்லை.

இன்வெர்ட்டருக்கு ஒயர் இன்னும் தடியாக வேண்டும். 1000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் 87 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய வேலையில் 10 ஸ்கொயர் போட்டிருந்தார்கள். பேட்டரியிலிருந்து ஒன்றரை மீட்டர்தான் தூரம், ஆனாலும் அந்த ஒயரே 40 வாட் சூட்டைக் கக்கும். 35 ஸ்கொயருக்கு மாற்றினால் 11, 12 வாட்டுக்கு இறங்கிவிடும். 35 ஸ்கொயரில் மெல்லிய இழை நிறைந்த ஒயர் சாதாரண எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைப்பது கஷ்டம். வெல்டிங் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் வெல்டிங் கேபிள் நன்றாகவே உதவும். ஆனால் வாங்கும் முன் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், அது வேண்டாம். லக்கும் தகரம் பூசிய செம்பு லக்காக இருக்கட்டும். லக்கைப் பிளையரால் நசுக்குவது, சுத்தியலால் தட்டுவது, ஈயம் ஊற்றி ஒட்டுவது எல்லாம் வண்டிக்கு ஆகாது. ஈயம் ஏறிய இடத்தில் இழைகள் விறைத்துப்போய், ரோட்டின் அதிர்வில் அந்த ஓரத்திலேயே முறியும். அறுகோண அச்சுள்ள ஹைட்ராலிக் கிரிம்பர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 3,500 ரூபாய் ஆனது, இந்த வேலை முழுவதிலும் அதற்குக் கொடுத்த பணத்தைப் போலப் பிரயோசனமாகச் செலவானது வேறில்லை. அழுத்திய பிறகு லக்கை வைஸில் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. மேலே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) போடுங்கள்.

ஃபியூஸ் விஷயத்தில் ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை, சாமானை அல்ல. அதனால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஏழு அங்குலத்துக்குள் மெயின் ஃபியூஸ் வந்துவிட வேண்டும். எங்கள் வண்டியில் பிரேக்கர் அழகாக ஸ்விட்ச் போர்டில் இருந்தது, பேட்டரியிலிருந்து 4 மீட்டர் தள்ளி. நடுவில் அந்த நாலு மீட்டர் ஒயர் ரப்பர் குரோமெட்கூட இல்லாமல் தகட்டு ஓட்டைகள் வழியாகப் போயிருந்தது. தகட்டு விளிம்பு தோலை அறுத்திருந்தால் தடுக்க ஒன்றுமே இல்லை. போதாததற்கு அந்தப் பிரேக்கர் வீட்டுக்குப் போடும் எம்.சி.பி. வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும், பிரேக்கர் திறக்கும்போது எழும் பொறி அதில் அணைந்துவிடும். பேட்டரி மின்சாரத்தில் அந்தப் பூஜ்யம் கிடையாது, பொறி பிடித்துக்கொண்டு நிற்கும். டி.சி. என்று வோல்ட் அளவோடு அச்சிட்டிருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், அதை அறுக்கும் திறன் சின்ன கார் ஃபியூஸுக்குக் கிடையாது. கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் எச்.ஆர்.சி. ஃபியூஸில் டி.சி. ரேட்டிங் அச்சிட்டதைத் தேடி எடுங்கள். எங்களுடைய கணக்கு இது: இன்வெர்ட்டருக்கு 87 ஆம்பியர், கால் பங்கு கூட்டினால் 109, அடுத்த அளவு 125 ஆம்பியர். ஃபிரிட்ஜுக்கு 15, விளக்குக்கு 5, ஃபேனுக்கு 5 என்று பிளேடு ஃபியூஸ்கள் தனிப் பெட்டியில்.

பேனல் 540 வாட், அதில் குறை இல்லை. ஆனால் கீழே, பேனலிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வைத்திருந்தது பி.டபிள்யூ.எம். வகை கன்ட்ரோலர். அந்தப் பேனல் முழுச் சக்தி கொடுப்பது 41 வோல்ட், 13 ஆம்பியரில். பி.டபிள்யூ.எம். என்பது பேனலைப் பேட்டரியோடு நேராகக் கோர்த்துவிடும் ஒரு சுவிட்ச்தான், பேனல் பேட்டரி வோல்ட்டுக்கே இறங்கிவிடும். 13 ஆம்பியர், 13.3 வோல்ட், பெருக்கினால் 173 வாட். மொட்டை வெயிலிலும் இதற்கு மேல் ஏறாது. பேனல் பழுது என்று சொல்லி இன்னொரு பேனல் வாங்கச் சொன்னார்கள், அதுதான் மனதை மிகவும் நோகடித்தது. எம்.பி.பி.டி. என்ற இன்னொரு வகை கன்ட்ரோலர் கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும். அதில் 100/50 என்று எழுதியிருந்தால் முதல் எண் பேனல் பக்கம் தாங்கும் வோல்ட், இரண்டாவது பேட்டரிக்குக் கொடுக்கும் ஆம்பியர். பேனலின் ஓப்பன் சர்க்கியூட் வோல்ட் 49 என்றால் 100 போதும். இரண்டை சீரிஸில் போட்டால் 98, குளிர்ந்த காலையில் அது இன்னும் ஏறி நூறைத் தாண்டும், கன்ட்ரோலர் போய்விடும். எம்.பி.பி.டி. மாற்றிய பிறகு அதே பேனல் மத்தியானத்தில் 420 வாட் வரை கொடுக்கிறது. 540 வராது. கூரையில் பேனல் 65 டிகிரிக்குச் சூடாகும்போது ஏழில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். பேனலுக்கும் கூரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டால் காற்றோடிக் கொஞ்சம் மிஞ்சும். இணைக்கும் வரிசையும் முக்கியம்: முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.

பேட்டரிக்கு வருகிறேன். மின்வேதியியலுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் வேண்டும் என்று வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் செக்ரி திறந்த ஊர் காரைக்குடி. அப்படிப்பட்ட ஊரிலும் ‘லித்தியம்’ என்று ஒரு சொல்லை மட்டும் சொல்லி, எந்த வகை, எத்தனை ஆம்பியர் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் சர்க்கியூட்), எத்தனை டிகிரி வரை சார்ஜ் ஏறும் என்று ஒரு தாள்கூடக் காட்டாமல் பேட்டரி விற்கிறார்கள். தாள் இல்லாத பேட்டரியை வாங்காதீர்கள். வண்டிக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தான் சரி. எங்களுக்குப் போட்டிருந்தது வீட்டு டியூபுலர், 150 ஆம்பியர் அவர். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும். அதை மூடிய படுக்கைக்கு அடியில் வைத்திருந்தார்கள். நினைத்தாலே கோபம் வருகிறது.

இப்போது இருப்பது 12.8 வோல்ட், 100 ஆம்பியர் அவர் லித்தியம் இரண்டு, பேரலலில், மொத்தம் 2560 வாட் அவர். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வயது. இணைக்கும் ஒயர்கள் ஒரே நீளம். வண்டிக்குப் பாசிட்டிவை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவை இரண்டாவதிலிருந்தும் எடுக்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் சமமாக உழைக்கும். கன்ட்ரோலரில் லெட் ஆசிட் செட்டிங்கை அப்படியே விட்டால் ஈக்வலைசேஷன் என்று 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும், பி.எம்.எஸ். வெட்டிவிடும். பேட்டரித் தாளையும் ஒரு முறை ஒத்துப் பார்த்துக்கொண்டு அப்சார்ப்ஷன் 14.2 முதல் 14.4, ஃப்ளோட் 13.5, ஈக்வலைசேஷன் நிறுத்தம், டெம்பரேச்சர் காம்பன்சேஷன் பூஜ்யம் என்று வையுங்கள். இந்த வகை பேட்டரியில் வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது, பாதிக்கு மேலும் கீழும் 13.2-லேயே நிற்கும். ஷன்ட் (ஓடும் ஆம்பியரை அளக்கும் கட்டை) வைத்த பேட்டரி மானிட்டர் போட்டு எல்லா நெகட்டிவும் அதன் வழியாகவே போகும்படி செய்யுங்கள். ஒரே ஒரு நெகட்டிவ் தனியாக பாடியில் இணைந்தாலும் கணக்கு பொய்யாகும்.

எங்கள் ஒரு நாள் செலவு: ஃபிரிட்ஜ் 550 வாட் அவர், இரண்டு பி.எல்.டி.சி. ஃபேன் ராத்திரி முழுக்க 500, விளக்கும் செல்போனும் 200, மிக்சி நிமிடக் கணக்குதான், 50-ஐத் தாண்டாது. மொத்தம் 1300. வெயில் காலத்தில் பேனல் இதை எளிதாகக் கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொடுக்காது. அதற்குத்தான் என்ஜின் பக்கமிருந்து 30 ஆம்பியர் டி.சி. டு டி.சி. சார்ஜர். ரிலே மட்டும் வைத்து லித்தியத்தை ஆல்டர்னேட்டரோடு நேராகக் கோர்த்தால், வண்டி ஐடிலில் நிற்கும்போது அது முழு ஆம்பியரையும் உறிஞ்சி ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடும். இந்த ஒயருக்கு இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது, ஆகவே இரண்டு முனையிலும் ஃபியூஸ். 16 ஸ்கொயர் எடுத்தோம். வாங்கும் முன் உங்கள் வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரையில் துளை போட்டால் வெட்டு விளிம்புக்கு பெயின்ட் அடித்துப் பாலியூரிதேன் சீலன்ட் வையுங்கள். பேனல் ஒயரைக் கோர்க்கும் எம்.சி.4 கனெக்டர் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். நம் பக்கச் செம்மண் புழுதி பேனலில் படிந்தால் உற்பத்தி கண்ணெதிரே குறையும். வெயில் ஏறும் முன் துடையுங்கள், போர்வெல் உப்புத் தண்ணீரைக் காயவிடாதீர்கள்.

பேசாமல் விடக் கூடாத இன்னொன்று, வீட்டு மின்சாரத்தில் வண்டியைப் போடுவது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கம் பெரிய வீட்டு வாசலில் நிறுத்தினால் “உள்ளேயிருந்து ஒயர் இழுத்துக்கங்க அப்பச்சி” என்று அன்போடு சொல்வார்கள். பழைய வீடுகள் பலவற்றில் இன்னமும் மரக் கேசிங்குக்குள் அந்தக் காலத்து ஒயர்தான். பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதற்குப் பின்னால் எர்த் இருக்காது. எர்த் குழி இருந்தாலும் கோடையில் மண் காய்ந்து உபயோகமில்லாமல் கிடக்கும். மல்ட்டிமீட்டரால் ஃபேசுக்கும் எர்த்துக்கும் 230 வருகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்காமல் செருகாதீர்கள். வண்டி ரப்பர் சக்கரத்தில் நிற்கிறது. உள்ளே எங்காவது லீக் ஆனால் பாடி முழுக்க மின்சாரம் ஏறி நிற்கும், கீழே ஈரத் தரையில் நின்றுகொண்டு கதவைத் தொடுகிறவர்தான் எர்த் ஆவார். வண்டிக்குள் நுழையும் இடத்திலேயே லீக் ஆனதும் மின்சாரத்தை வெட்டும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., வண்டி பாடியோடு எர்த் இணைப்பு, இன்வெர்ட்டரும் வீட்டு லைனும் ஒன்றோடொன்று கலக்காத சேஞ்ச் ஓவர், மூன்றும் கட்டாயம். வண்டியில் செய்யும் மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் வேலையைத் தொடங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பச் செய்ததில் ஒயர், லக், ஃபியூஸ், கிரிம்பர் எல்லாம் சேர்ந்து 19,000 ரூபாய்தான். எல்லாவற்றையும் முதலிலேயே சரியாகச் செய்திருந்தால் பிடுங்கிப் போட்ட வேலைக்கான பணம் மிஞ்சியிருக்கும். வேலை முடிந்ததும் எந்த ஒயர் எத்தனை ஸ்கொயர், எந்த ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், எது எங்கே போகிறது என்று ஒரு தாளில் படமாக வரைந்து லேமினேட் செய்து பேட்டரிப் பெட்டி மூடிக்குள் ஒட்டுங்கள். அதன் பக்கத்தில் ஒவ்வோர் அளவிலும் இரண்டு ஸ்பேர் ஃபியூஸ், 13-ம் நம்பர் ஸ்பேனர் ஒன்று, மல்ட்டிமீட்டர் ஒன்று. முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் பேனல் சுவிட்சையும் மெயினையும் அணைத்துவிட்டு எல்லா நட்டையும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு, மேலே சொன்ன மில்லிவோல்ட் சோதனையை மறுபடி செய்து, வந்த எண்களை அதே தாளில் தேதியோடு எழுதி வையுங்கள்.